புரிராம் மாகாணம்: பெற்றோருடன் இரண்டு நாள் போகலாமா?

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம். வேலை நிமித்தமாக பாங்காக்கில் இருக்கிறேன். பொங்கல் கழிந்து அப்பாவும் அம்மாவும் இங்கே வருகிறார்கள். அரண்மனை, வாட் அருண், சீலோம் மாரியம்மன் கோயில் எல்லாம் வழக்கம்போல ஆகிவிடும். பட்டாயா பக்கமே வேண்டாம் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். யாரோ அனுப்பிய வீடியோவில் தாய்லாந்தில் மலை மேல் ஒரு பழைய சிவன் கோயிலைப் பார்த்திருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். தேடிப் பார்த்ததில் அது புரிராம் மாகாணத்தில் இருக்கும் பனோம் ரூங்.

என் கேள்விகள்: இரண்டு நாள் போதுமா? தங்குவது எங்கே? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியுமா தெரியவில்லை. இருவரும் சுத்த சைவம். அப்புறம், அந்த ஒரு கோயிலைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது?

சுகும்வித் சுந்தர் எழுதியது:

நான் சொல்வது பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். போக ஐந்து மணி நேரத்துக்கு மேல், வர ஐந்து மணி நேரத்துக்கு மேல். பார்ப்பது என்னவோ இடிந்த கற்கள். வயசான இருவரை அழைத்துக்கொண்டு வடகிழக்கே ஈசான் பக்கம் அலைவதைவிட அயுத்தயா போய்விட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். சிவன் கோயில்தான் வேண்டும் என்றால் கம்போடியாவுக்கு விமானம் ஏறி அங்கோரையே பார்த்துவிடலாமே. புரிராமில் கால்பந்து மைதானத்தையும் பைக் பந்தய ஓடுதளத்தையும் தவிர எதுவும் கிடையாது.

நாலுசக்கரம் எழுதியது:

சுந்தர் சார், அயுத்தயாவில் இருப்பதும் இடிந்த கற்கள்தானே :)

மலைக்கோட்டைக்கு: வண்டி இல்லாமல் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பனோம் ரூங் இருப்பது புரிராம் நகரத்தில் அல்ல, நகரத்திலிருந்து தெற்கே அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி, சலோம் பிரா கியாட் என்ற வட்டத்தில். மலை மேல் நேராகப் போய் இறக்கிவிடும் பஸ் என்று எதையும் நம்ப முடியாது. பாங்காக்கிலிருந்து வருகிறவர்கள் நாங் ரோங் என்ற சின்ன ஊரில் இறங்கி அங்கிருந்து பைக்கோ வாடகை வண்டியோ பிடிப்பார்கள். வாலிபர்களுக்கு அது சரி. அப்பா அம்மாவுக்கு அது வேண்டாம்.

பாங்காக்கிலேயே கார் எடுத்தால் கோராட் வரை பெரிய சாலை, அப்புறம் 24ஆம் எண் நெடுஞ்சாலை. இங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், கை தானாகப் பழகிவிடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள், அல்லது உங்களிடம் தாய் லைசென்ஸ் இருந்தால் கவலையே இல்லை. கரும்பு வெட்டும் பருவம் என்பதால் ஜனவரியில் அந்தப் பக்கம் முழுக்க கரும்பு லாரிகள். இருட்டில் ஓட்டாதீர்கள், பின்விளக்கு எரியாத லாரி ஏராளம்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

நெடுநாள் கழித்து இந்தக் குழுவில் எனக்குப் பிடித்த ஊர் பற்றி ஒரு இழை. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுந்தருக்கு. "இடிந்த கற்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பனோம் ரூங்கில் இடிந்து கிடந்தவற்றை ஒவ்வொரு கல்லாக எண் போட்டுக் கழற்றி, அடித்தளத்தைப் பலப்படுத்தி, மறுபடி அதே இடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். 1971இல் தொடங்கிய வேலை, 1988இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றைக்கு அது கர்ப்பகிரகம், மண்டபம், சுற்றுப் பிராகாரம் எல்லாம் முழுசாக நிற்கும் கோயில். கூரை வரை இருக்கிறது.

மலை என்கிறோமே, அது அணைந்துபோன எரிமலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். சுற்றிலும் தட்டையான நெல்வயல், நடுவில் இந்த ஒரு மேடு. கைலாயம் என்று கருதி அதன் மேல் கம்போடியாவின் கெமர் மன்னர்கள் காலத்தில் 10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போது நாம் பார்க்கும் பிரதான விமானம் 12ஆம் நூற்றாண்டு. அதை எழுப்பியவர் நரேந்திராதித்தியர், அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினர். போர்களில் பெயர் வாங்கியவர், பின்னால் துறவு பூண்டு இந்த மலையிலேயே இருந்தார். அவர் மகன் ஹிரண்யன் அப்பாவைப் பற்றி வெட்டிவைத்த சமஸ்கிருதக் கல்வெட்டு இங்கேதான் கிடைத்தது. கதவுக்கு மேலே உள்ளே ஒரு விட்டக் கல்லில் ஐந்து ரிஷிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாந்து பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

போகும் வழியே ஒரு காட்சி. 160 மீட்டர் நீளக் கல்நடைபாதை, இருபுறமும் தாமரை மொட்டு வைத்த கல்தூண்கள். முடிவில் நாகப் பாலம், ஐந்து தலை நாகங்கள் விரிந்து நிற்கும். அப்புறம் 52 படிகள். கிழக்கு வாசலில் மேலே பத்துக் கைகளோடு ஆடும் சிவன். அதற்குக் கீழே விட்டக் கல்லில் அனந்த சயனப் பெருமாள், தொப்புள் கொடித் தாமரையில் பிரம்மா, காலடியில் லட்சுமி. இந்தப் பெருமாளுக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1960களில் காணாமல் போய், அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் காட்சிக்கு இருந்தார். தாய் வரலாற்று அறிஞர் இளவரசர் சுபத்ராதிஸ் திஸ்குல் அதை அடையாளம் கண்டு சொன்னார். வருடக்கணக்கில் கேட்டு, ஊர் ஜனங்கள் ஊர்வலம் போய், பாட்டுக் கட்டி, கடைசியில் 1988இல் திரும்பி வந்தது. கொஞ்சம் கிட்டே போய் பாருங்கள், கல் பல துண்டுகளாக உடைந்து ஒட்டப்பட்டிருப்பது தெரியும், சில துண்டுகள் இல்லவே இல்லை. பெருமாளுக்குக் கீழே ஓரத்தில் இரண்டு கிளிகள். அத்தனை பெரிய சிற்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளிகள்தான்.

உள்ளே நந்தி இருக்கிறார், லிங்கம் இருக்கிறது, அபிஷேக நீர் வெளியே ஓட கோமுகி மாதிரி ஒரு கல்வாய்க்கால் வடக்குப் பக்கமாக ஓடுகிறது. உங்கள் அப்பாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது, அவரே காட்டிக்கொடுப்பார்.

மலைக்கோட்டை எழுதியது:

ஐயா, அருமை. இதைப் படித்தே அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் படிகள்தான் யோசனையாக இருக்கிறது. 15 வாசல் வழியாகச் சூரியன் தெரியும் என்கிறார்களே, அது ஜனவரியில் தெரியுமா?

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

தெரியாது. கோயில் சரியாகக் கிழக்கைப் பார்த்து இல்லை, ஐந்து டிகிரி சொச்சம் வடக்காகத் திரும்பியிருக்கிறது. அதனால் சூரியன் வாசல்களுக்கு நேராக உதிப்பது ஏப்ரல் 3 முதல் 5 வரை, மறுபடி செப்டம்பர் 8 முதல் 10 வரை. அதே கோட்டின் மேற்கு முனை அந்த அளவு தெற்கே சாய்ந்திருக்குமே, ஆகவே அஸ்தமனம் நேராகத் தெரிவது மார்ச் 5 முதல் 7 வரை, அக்டோபர் 6 முதல் 8 வரை. ஒரு நாள் முன்பின் ஆகலாம். சம இரவுபகல் நாளில் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

சுகும்வித் சுந்தர் எழுதியது:

பார்த்தீர்களா? அந்தக் கோயிலின் ஒரே விசேஷமே அந்தச் சூரியன்தான், அது ஜனவரியில் கிடையாது. அப்புறம் எதற்கு?

ஈப்போ சுமதி எழுதியது:

சுந்தர் தம்பி, அந்தச் சூரியனுக்காகப் போனவள் நான். விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பேர். எல்லாரும் அந்த ஒரே வாசல் கோட்டில்தான் நிற்க வேண்டும், மூன்று கால் வைத்த கேமராக்காரர்கள் முன்னாலேயே இடம் பிடித்துவிடுவார்கள். நமக்குத் தெரிவது எதிரே நிற்பவரின் செல்போன் திரையில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. செப்டம்பர் என்றால் மழைக்காலம், மேகம் மறைத்தால் அந்தப் புள்ளியும் இல்லை. ஜனவரியில் போவதே நல்லது. வெயில் சுடாது, காலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும், கோயிலில் மூச்சு விட இடம் இருக்கும்.

ஏப்ரலில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மலையேறும் திருவிழா என்று ஊர்வலம் வைக்கிறார்கள். நரேந்திராதித்தியரின் தாயார் பூபதீந்திரலட்சுமி தேவி வருவதுபோல் வேடம், திக்பாலகர்களின் வாகனங்கள், நூற்றுக்கணக்கான பெண்கள் நடனம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல். வெயில் மண்டையைப் பிளக்கும், சொல்லிவிட்டேன்.

அம்மாவின் முழங்காலுக்கு: கீழே பிரதான வாசலில் இறங்காதீர்கள். மலை மேல் கோயிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே இறங்கினால் பெரிய படிக்கட்டு மிச்சம். நீங்களும் அப்பாவும் மட்டும் நடைபாதை வழியாக ஏறி வாருங்கள், அம்மா மேலே நிழலில் உட்காரட்டும். உள்ளே வாசல்படிகள் உயரமானவை, ஒவ்வொன்றையும் தாண்டித்தான் போக வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாலுசக்கரம் எழுதியது:

+1. இரண்டாவது வாசல் என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

சுமதி அக்கா சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்றமில்லை. இப்போது நான் சண்டைக்கு இழுக்கும் ஒரு கருத்து: பெற்றோருடன் போகிறவர்களுக்கு பனோம் ரூங்கைவிட முவாங் தம் நல்ல கோயில்.

மலையிலிருந்து இறங்கி எட்டு கிலோமீட்டர் போனால் பிரகோன்சாய் வட்டத்தில் சமவெளியில் இருக்கிறது. இது பனோம் ரூங் விமானத்தைவிட நூறு வருடத்துக்கு மேல் மூத்தது, 10ஆம் நூற்றாண்டின் முடிவு, 11ஆம் நூற்றாண்டு. ஒரே மேடை மேல் ஐந்து செங்கல் கோபுரங்கள், முன்வரிசையில் மூன்று, பின்னால் இரண்டு. நடுக்கோபுரம் விழுந்துவிட்டது, அடிப்பகுதி மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றி நாலு மூலையிலும் முழங்கை வடிவில் மடங்கிய நாலு குளங்கள். குளக்கரை முழுக்க நாகத்தின் உடம்பு, மூலைக்கு மூலை ஐந்து தலைகள். தலையில் கிரீடம் எதுவும் கிடையாது, மொழுமொழுவென்று வெறும் பாம்புத் தலை. பனோம் ரூங் நாகத்தையும் இதையும் ஒரே நாளில் பார்த்தால் நூறு வருடத்தில் சிற்பியின் கை எப்படி மாறியது என்று புரியும். குளத்தில் அல்லி. ஏறி இறங்கும் வேலையே கிடையாது. டிக்கெட்டை இரண்டு கோயிலுக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

விட்டக் கற்களில் ரிஷப வாகனத்தில் உமாமகேசுவரர் இருக்கிறார், காளியனை அடக்கும் கண்ணன் இருக்கிறார். அம்மாவை அந்தக் குளக்கரையில் உட்கார வைத்துவிட்டு நிதானமாகச் சுற்றுங்கள்.

பந்தயக்குதிரை எழுதியது:

முவாங் தம் அழகுதான், ஆனால் அரை மணியில் முடிந்துவிடும். மலை மேல் நிற்கிற கம்பீரம் இதற்கு வருமா? இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு பனோம் ரூங்குக்கு.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

அரை மணியில் முடிப்பது கோயிலின் குற்றமில்லை. முவாங் தம்முக்கு வடக்கே சாலையைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஏரி. அதுவும் அந்தக் காலத்தில் வெட்டியது, இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் குட்டி ரிஷி என்ற சின்னக் கல்கட்டடம். அது ஏழாம் ஜெயவர்மன் கட்டிய ஆரோக்கியசாலைகளில் ஒன்றைச் சேர்ந்த கோயில். அவர் தன் ராஜ்ஜியம் முழுக்க 102 ஆஸ்பத்திரிகள் நடத்தியதாக அங்கோரில் தா பிரோம் கல்வெட்டு சொல்கிறது. இதே மாதிரி இன்னொன்று பனோம் ரூங் அடிவாரத்தில். அதற்குப் பக்கத்திலேயே வழிப்போக்கர் தங்கும் சத்திரம் ஒன்றின் மிச்சம். அங்கோரிலிருந்து பிமாய் போகும் ராஜபாட்டையில் இப்படி 17 சத்திரங்கள் இருந்தன.

மலை மேல் கோயில், அடியில் ஊர், ஊருக்கு ஏரி, நோயாளிக்கு வைத்தியசாலை, வழிப்போக்கனுக்குச் சத்திரம், எல்லாவற்றையும் இணைக்கும் பாதை. இது மொத்தமும் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறது. கோராட்டிலிருந்து காலையில் வந்து மலையைப் படம் பிடித்துக்கொண்டு மதியம் திரும்புகிற பயணத்தில் இதில் எதுவும் கண்ணில் படாது. அதனால்தான் ஒரு இரவாவது தங்குங்கள் என்கிறேன். 2019இல் பனோம் ரூங், முவாங் தம், பிளாய் பாட் மூன்றையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியலில் வைத்தார்கள். தனி மலையாக யாரும் பார்க்கவில்லை.

மலைக்கோட்டை எழுதியது:

பிளாய் பாட் எங்கே? அங்கேயும் போகலாமா?

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

அதுவும் பழைய எரிமலைதான், முவாங் தம்முக்குப் பக்கம். மேலே சின்ன செங்கல் கோயில், ஏறுவது கஷ்டம், அம்மாவுக்கு வேண்டாம். 1964 வாக்கில் அங்கே பூமிக்கடியிலிருந்து ஏராளமான வெண்கல போதிசத்துவர் சிலைகளைத் தோண்டி எடுத்தார்கள், பிரகோன்சாய் சிலைகள் என்று பெயர். பெரும்பாலானவை கடத்தல்காரர் கை மாறி வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. இந்த மாகாணத்துக்கு இது ஒரு தீராத தலைவலி. நொங் ஹொங் கோயிலின் விட்டக் கல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 2021இல்தான் வந்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து 2024இல் திரும்பிய "தங்கப் பையன்" சிலையும் புரிராமில் கிடைத்தது என்கிறார்கள். அது இப்போது பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பயணத்துக்கு முன்பே பெற்றோருக்குக் காட்டிவிடலாம்.

இன்னொன்று. பனோம் ரூங்கில் சில நாகத் தலைகளும் சிங்கங்களும் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். கடத்தல் இல்லை அது. 2008 மே மாதம் யாரோ இரவில் புகுந்து சிலைகளை உடைத்துவிட்டுப் போனார்கள்.

சுகும்வித் சுந்தர் எழுதியது:

எல்லாம் சரி. எல்லைச் சண்டை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

நாலுசக்கரம் எழுதியது:

நல்ல கேள்வி. 2025 ஜூலையிலும் மறுபடி டிசம்பரிலும் தாய்லாந்து கம்போடியா எல்லையில் சண்டை நடந்தது. புரிராமின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பான் கிருவாட் வட்டத்தில் குண்டு விழுந்து ஜனங்கள் வெளியேற வேண்டிவந்தது. தரைவழியாக அங்கோர் போகும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வரைபடத்தில் சூரின் மாகாணத்தில் தா முவேன் தோம் என்று ஒரு கோயிலைக் காட்டும், அதுவும் சிவன் கோயில்தான், ஆனால் சண்டையே அதைச் சுற்றித்தான் தொடங்கியது. அப்பா ஆசைப்பட்டாலும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள். பனோம் ரூங், முவாங் தம் இரண்டும் எல்லையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. இருந்தாலும் கிளம்பும் வாரம் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஈப்போ சுமதி எழுதியது:

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுதான் உண்மையான போராட்டம்.

ஈசானில் எதில் மீன் இருக்காது என்று சொல்வதுதான் கஷ்டம். பப்பாளி சாலட் கேட்டால் பிளா ரா என்ற புளித்த மீன் குழம்பு ஊற்றுவார்கள். பிரகோன்சாய்க்குப் பேரே குங் சோம் என்ற ஊறப்போட்ட சின்ன இறாலுக்குத்தான். நாங் ரோங்கில் வேகவைத்த பன்றிக்கால் சோறு. எங்கே திரும்பினாலும் இதுதான் விளம்பரப் பலகை.

மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று எழுதிய கடை தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அதில் மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. புரிராம் நகரத்திலும் நாங் ரோங்கிலும் சந்தையைச் சுற்றித் தேடினால் இப்படி ஒரு கடை கிடைக்கும், ஆனால் பல கடைகள் மதியம் இரண்டு மணிக்கே மூடிவிடும். மற்ற கடையில் "மை சை நாம் பிளா, மை சை பிளா ரா" (மீன் சாஸ் போடாதீர்கள், பிளா ரா போடாதீர்கள்) என்று சொல்லிப் பாருங்கள். மண்டையை ஆட்டுவார்கள், ஆனால் கரண்டி பழைய கரண்டிதான். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் என்றால் புளிசாதமும் எலுமிச்சைசாதமும் பாங்காக்கிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டரிசி, சுட்ட வாழைப்பழம், வேகவைத்த சோளம் எல்லா இடத்திலும் உண்டு.

அப்புறம் பால், எண்ணெய், விபூதி எல்லாம் கட்டிக்கொண்டு போய் லிங்கத்துக்கு அபிஷேகம் என்று இறங்கிவிடாதீர்கள். அது தொல்லியல் துறை இடம், குருக்கள் யாரும் இல்லை. தாய் ஜனங்களும் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அப்பா வாய்விட்டுத் தேவாரம் பாடினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், உள்ளே எதிரொலி நன்றாக வரும்.

பந்தயக்குதிரை எழுதியது:

நான் சாப்பாட்டில் எதிர்க்கட்சி. புரிராம் ரயில் நிலையத்துக்கு எதிரே "நின்று சாப்பிடும் லுக் சின்" கடை வரிசை இருக்கிறது. இறைச்சி உருண்டைகளைக் குச்சியில் குத்தி எண்ணெயில் பொரித்துத் தட்டில் கொட்டுகிறார்கள். பெஞ்சு நாற்காலி கிடையாது. முன்னால் சட்டியில் காரமும் புளிப்பும் கலந்த சாறு, நாமே தோய்த்துத் தின்ன வேண்டியது, பக்கத்தில் கோஸ் இலை, வெள்ளரி. கடைசியில் கையில் இருக்கும் குச்சிகளை எண்ணிக் காசு. பிளாக்பிங்க் குழுவின் பாடகி லிசா பிறந்த ஊர் இதுதான். 2021இல் ஒரு பேட்டியில் அவர் இந்த உருண்டையைத் தின்ன ஆசை என்று சொல்ல, அடுத்த நாளே வரிசை தெருமுனை வரை போய்விட்டது. சைவக்காரர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

கால்பந்து மைதானத்தைச் சுந்தர் ஏளனமாகச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாங் அரீனா 2011இல் கட்டியது, 32,000 பேருக்கு மேல் உட்காரலாம். கூப்பிடு தூரத்தில் பந்தய ஓடுதளம், 2014இல் திறந்தது, 2018 முதல் மோட்டோஜிபி பைக் பந்தயம் நடக்கிறது. அரசியல்வாதி நெவின் சிட்சோப் கையால் எழுந்தவை இரண்டும். அதற்கு முன் ரயில் ஜன்னலில் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு எல்லாரும் கிழக்கே உபோன் நகரத்துக்குப் போய்விடுவார்கள். ஜனவரியில் பந்தயம் இல்லை என்றால் நகரத்தில் அறை சுலபமாகக் கிடைக்கும். பந்தய வாரத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்து மாகாணத்தில்தான் படுக்கை.

கொக்கு எழுதியது:

எல்லாரும் கல்லையும் மாமிசத்தையும் பேசுகிறீர்கள், பறவைக்கு ஒரு வரி வேண்டாமா?

புரிராம் நகரத்துக்குத் தெற்கே ஹுவாய் சோரக்கே மாக் நீர்த்தேக்கம். அங்கே சாரஸ் கொக்குப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. தாய்லாந்தில் இந்தக் கொக்கு காட்டில் அற்றுப்போய் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கோராட் மிருகக்காட்சிசாலையில் குஞ்சு பொரிக்க வைத்து 2011 முதல் இங்கே விட ஆரம்பித்தார்கள். இப்போது நெல்வயலிலேயே கூடு கட்டி வளர்க்கின்றன. வயலில் மருந்தடித்தால் கொக்குக்கு ஆகாது என்று சுற்று வட்டார விவசாயிகள் பலர் இயற்கை நெல்லுக்கு மாறி, கொக்குப் பெயரிலேயே அரிசி விற்கிறார்கள். ஆள் உயரம் நிற்கும், பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது கிடையாது. வட இந்தியச் சாரஸைப் பார்த்தவர்கள் கழுத்தைக் கவனியுங்கள். அங்கே சிவப்புக்குக் கீழே ஒரு வெள்ளை வளையம் இருக்கும், இங்கே உள்ள கிழக்கத்திய வகைக்கு அது இல்லை. அதிகாலையில் போங்கள். அறுவடை முடிந்த ஜனவரி வயலில் தூரத்திலிருந்தே தெரியும்.

மலைக்கோட்டை எழுதியது:

அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும் போலிருக்கிறது. துணிமணி ஏதாவது வாங்க உண்டா? கேட்காமல் விடமாட்டார்.

ஈப்போ சுமதி எழுதியது:

உண்டே! காவ் அங்கான் மலையடிவாரத்தில் சரோன் சுக் கிராமத்தில் எரிமலை மண்ணைக் கரைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். காவியும் செங்கல்லும் கலந்த ஒரு நிறம், துவைத்தாலும் போகவில்லை. பூ அக்கனி துணி என்று கேளுங்கள். பட்டு வேண்டுமென்றால் நா போ வட்டம், அல்லது நகரத்துக்குக் கிட்டே சனுவான் நோக் கிராமம். அங்கே புழு வளர்ப்பதிலிருந்து தறி வரை வீட்டிலேயே காட்டுவார்கள். அணில்வால் நெசவு என்று இரண்டு நிற நூலைச் சேர்த்து முறுக்கி நெய்வது அந்த ஊர்ப் பட்டு. முவாங் தம் பக்கத்து கோக் முவாங் கிராமத்தில் கோரைப்பாய். வீட்டில் தங்கவும் இடம் தருகிறார்கள், ஆனால் தரையில் படுக்கை, முழங்கால் வலிக்கு ஒத்துவராது.

அந்தக் காவ் அங்கான் மலை மேல் உள்ள புத்த விகாரையையும் பார்த்துவிடுங்கள். கட்டடம் புதுசு, பல பாணிகளைக் கலந்து கட்டியது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் சுற்றிலும் நட்டிருக்கும் எல்லைக் கற்கள் துவாரவதி காலத்தவை, பனோம் ரூங்குக்கும் முந்தியவை. கார் மேலே வரை போகும்.

பந்தயக்குதிரை எழுதியது:

காவ் கிரதோங்கை விட்டுவிட்டீர்களே. நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர், அணைந்த எரிமலையின் வாயையே எட்டிப் பார்க்கலாம். 297 படி, பக்கத்தில் கார் பாதையும் உண்டு.

சுகும்வித் சுந்தர் எழுதியது:

எட்டிப் பார்த்தேன். மரம் முளைத்த பள்ளம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, மலைக்கோட்டைக்கு இன்னும் "எங்கே தங்குவது" என்பதற்குப் பதில் வரவில்லை. அதை முடித்துவிட்டு எரிமலையைப் பற்றிச் சண்டை போடலாம்.

நாலுசக்கரம் எழுதியது:

நான் சொல்கிறேன். வண்டி இருந்தால் நாங் ரோங். கோயில்கள் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், காலையில் கதவு திறக்கும்போதே போய்விடலாம். பாங்காக்கிலிருந்து காலை கிளம்பினால் மதியம் நாங் ரோங், சாப்பிட்டு ஓய்வெடுத்து, வெயில் தாழ முவாங் தம். மறுநாள் விடிந்ததும் பனோம் ரூங், இறங்கும் வழியில் ஆஸ்பத்திரிக் கோயில், காவ் அங்கான், துணிக்கடை. இரண்டு நாள் இதற்கே சரியாக இருக்கும். கொக்கையும் பட்டையும் சேர்த்தால் மூன்றாவது நாள் வேண்டும், அப்போது இரண்டாவது இரவை புரிராம் நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரம் காரில் உட்கார முடியாது என்றால் ரயிலில் புரிராம் வரை போய் அங்கே காரை எடுங்கள். ராத்திரி ரயில் வேண்டாம். உபோனுக்கு விடியற்காலையில் சேரும் வண்டி அது, புரிராமில் நடுநிசி கடந்து இறக்கிவிட்டுவிடும். காலையில் கிளம்பும் குளிர்சாதன டீசல் வண்டியைப் பிடியுங்கள், மதியத்துக்குள் போய்விடும். ஹுவாலம்போங் பழைய நிலையத்தில் போய் நிற்காதீர்கள், தொலைதூர வண்டிகள் 2023 முதல் பாங் சூவில் உள்ள புது நிலையத்திலிருந்துதான். விமானமும் உண்டு, டோன் முவாங்கிலிருந்து ஒரு மணி நேரம். ஆனால் புரிராம் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சாதுக் பக்கம், கோயில்கள் தெற்கே. இறங்கினபின் நூறு கிலோமீட்டர் கார்ப்பயணம் பாக்கி.

மலைக்கோட்டை எழுதியது:

ரயிலில் போய் அங்கே கார் எடுப்பதுதான் அம்மாவுக்குச் சரி. மூன்று நாளாக்கிவிட்டேன், கொக்குக்காக. ஒரே ஒரு சந்தேகம்: புரிராமில் வாடகைக் கார் நிலையத்திலேயே கிடைக்குமா?

நாலுசக்கரம் எழுதியது:

பெரிய கம்பெனிகளின் மேஜை விமான நிலையத்தில்தான். நகரத்தில் உள்ளூர்க்காரர்கள் காரை நிலையத்துக்கே கொண்டுவந்து தருவார்கள், லைன் செயலியில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஓட்டுநரோடு வேண்டுமென்றால் தங்கும் ஓட்டலில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள், நாள் வாடகையில் பெட்ரோல் சேர்த்தியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணமாக பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். அப்பா அம்மா இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையை நிரப்பச் சொல்லுங்கள், 2025 மே முதல் அது கட்டாயம். தங்கும் முகவரிக்கு உங்கள் பாங்காக் வீட்டையே போட்டால் போதும், நாங் ரோங் ஓட்டல் பெயரைத் தேடிக் குழம்ப வேண்டாம்.